மலைமேல் ஓடும் காற்றும் கணிப்பொறிக் கணக்கும்

ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? காவல்கிணற்றைத் தாண்டியதும் காற்றின் குணமே மாறிவிடும். சன்னலோரத்தில் இருப்பவர் கண்ணைத் திறக்க முடியாது. முப்பந்தல், ஆரல்வாய்மொழி வட்டாரத்தில் சாலையின் இருபுறமும் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்கும். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்ற பழமொழி இங்கே பிறந்திருக்குமோ என்று கூடத் தோன்றும்!

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் வீசுகிறது. ஆனால் ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டிலும் மலைத்தொடரில் இடைவெளி இருக்கிறது. மலையில் மோதும் காற்று அந்த வாசல்களில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. அகன்ற வாய்க்காலில் மெதுவாக வரும் தண்ணீர், குறுகிய மடையில் வேகமாகப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இதுவும்.

இப்போது ஒரு கேள்வி. மேடும் பள்ளமுமான ஒரு நிலப்பகுதியில் எந்த இடத்தில் காற்று எவ்வளவு வேகமாக வீசும் என்பதை, அங்கே போகாமலே சொல்ல முடியுமா? இது வெறும் வேடிக்கைக் கேள்வியன்று. காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல், அதன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகமுள்ள காற்றுக்கு 5 × 5 × 5 = 125 என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் வேகமுள்ள காற்றுக்கு 6 × 6 × 6 = 216. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடியதும் ஆற்றல் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிட்டது! காற்றாலையைச் சற்றுத் தள்ளி நட்டால் இலாபம் நட்டமாகிவிடலாம். மலையின் ஒவ்வொரு மூலையிலும் கோபுரம் நட்டு ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருக்கவும் முடியாது. ஆகவேதான் கணிப்பொறியின் துணையை நாடுகிறோம்.

மலையில் காற்றுக்கு என்ன நேர்கிறது?

சமவெளியில் வரும் காற்று ஒரு குன்றை நெருங்குகிறது என்று கொள்வோம். அடிவாரத்தில் காற்று தேங்குவதால் அங்கே அழுத்தம் சிறிது கூடுகிறது, வேகம் குறைகிறது. உச்சியில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் மிகுந்த அடிவாரத்திலிருந்து அழுத்தம் குறைந்த உச்சியை நோக்கிக் காற்று தள்ளப்படுகிறது. எனவே உச்சியில் வேகம் மிகுகிறது.

இதில் ஓர் அழகான நுட்பம் உண்டு. தரையை ஒட்டிய காற்று, புல், புதர், கல் ஆகியவற்றின் உராய்வால் மெதுவாக வருகிறது. உயரே உள்ள காற்று வேகமாக வருகிறது. குன்று தரும் தள்ளுவிசை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. யாருக்கு ஆதாயம் அதிகம்?

கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டும் சம அளவு இயக்க ஆற்றல் பெறுவதாகக் கொள்வோம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 10 மீட்டர் வேகத்தின் இருமடி 100. அது 12 ஆக உயர்ந்தால் இருமடி 144, கூடுதல் 44. அதே 44-ஐ 6 மீட்டர் வேகமுள்ள காற்றுக்குக் கொடுங்கள். 36 + 44 = 80. இதன் இருமடி மூலம் ஏறத்தாழ 8.9. உயரே உள்ள காற்று 20 விழுக்காடு வேகம் பெற்றபோது, தாழ உள்ள மெதுவான காற்று ஏறத்தாழ 50 விழுக்காடு வேகம் பெற்றுவிட்டது! ஆகவே குன்றின் உச்சியில், தரைக்குச் சற்று மேலேதான் வேகமிகுதி உச்சநிலையில் இருக்கிறது. தரையை ஒட்டிய மெல்லிய படலத்தில் உராய்வின் ஆட்சி. அதற்கு மேலே அழுத்தத்தின் ஆட்சி. இவ்விரு அடுக்குகளையும் பிரித்து, பின் இணைத்துக் கணக்கிடும் வழியை ஜாக்சன், ஹன்ட் என்ற இரு அறிஞர்கள் 1975-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

குன்றின் மறுபக்கம் என்ன ஆகும்? சரிவு மென்மையாக இருந்தால் காற்று தரையைத் தழுவியபடியே இறங்கும். சரிவு செங்குத்தானால் தழுவ முடியாமல் தரையை விட்டு விலகிவிடும். அந்த மறைவில் காற்று பின்னோக்கிச் சுழலும், வேகம் விழும், நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறும். அங்கே காற்றாலை நட்டால் மின்சாரம் குறைவதோடு, இறக்கைகளும் விரைவில் பழுதாகும்.

காற்றைப் பெட்டிகளாக அடுக்குதல்

கணிப்பொறிக்கு மலையும் தெரியாது, காற்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்கள். எனவே மலைமேல் உள்ள காற்றை எண்களாக மாற்ற வேண்டும்.

10 கி.மீ. நீளம், 10 கி.மீ. அகலம் கொண்ட ஒரு மலைப்பகுதியை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் 2 கி.மீ. உயரம் வரை உள்ள காற்றை, ஒவ்வொரு பக்கமும் 100 மீட்டர் உள்ள பெட்டிகளாக மனத்தால் அடுக்குவோம். 100 × 100 × 20 = 2,00,000 பெட்டிகள். அடித்தட்டுப் பெட்டிகள் நில வரைபடத்தின் மேடு பள்ளத்துக்கேற்ப வளைந்து அமர்ந்திருக்கும். அங்கே இருப்பது புல்வெளியா, காடா, நீர்ப்பரப்பா என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் சில விதிகள் உண்டு. முதல் விதி, நிறை அழியாது. ஒரு பக்கம் நுழையும் காற்று மறு பக்கங்களில் வெளியேறியாகவேண்டும். இரண்டாவது, நியூட்டனின் இரண்டாம் விதி; அண்டைப் பெட்டிகளின் அழுத்தமும் இழுப்பும் இந்தப் பெட்டியின் வேகத்தை மாற்றும். மூன்றாவது, வெப்பக் கணக்கு. நியூட்டனின் விதியைப் பாய்மங்களுக்கு ஏற்ற வடிவில் எழுதியவர்கள் பிரான்சைச் சேர்ந்த நேவியரும் (1822), பிரிட்டனில் பணியாற்றிய ஸ்டோக்சும் (1845). அச்சமன்பாடுகள் இன்றும் அவர்கள் இருவர் பெயராலேயே வழங்குகின்றன.

நேரத்தையும் சிறு துண்டுகளாக வெட்டவேண்டும். ஒரு துண்டு நேரத்துக்குள் காற்று ஒரு பெட்டியைத் தாண்டி ஓடிவிடக் கூடாது. ஓடிவிட்டால் கணக்கு கெட்டுவிடும். நொடிக்கு 20 மீட்டர் காற்று 100 மீட்டர் பெட்டியைக் கடக்க 5 நொடி ஆகும். எனவே ஒரு மணி நேரக் காற்றைக் கணக்கிட 720 படிகள் வேண்டும். இரண்டு இலட்சம் பெட்டிகள், 720 படிகள். மொத்தம் 14 கோடியே 40 இலட்சம் முறை கணக்குப் போடவேண்டும்!

இன்னும் துல்லியம் வேண்டுமென்று பெட்டியை 50 மீட்டராகக் குறைத்தால்? பெட்டிகள் 8 மடங்கு. நேரப்படிகள் 2 மடங்கு. வேலை 16 மடங்கு. துல்லியத்துக்குக் கொடுக்கவேண்டிய விலை இதுதான்.

கணிப்பொறிக்கு முன்னே ஒரு கணக்காளர்

இந்தப் பெட்டி முறை கணிப்பொறியைவிட மூத்தது. லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில அறிஞர், முதல் உலகப் போரின்போது பிரான்சில் காயம்பட்டோரை ஏற்றிச் செல்லும் வண்டிப் பிரிவில் பணியாற்றினார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம், 1910 மே 20-ஆம் நாள் வானிலையைத் தாளும் பென்சிலுமாகக் கணக்கிட்டார். ஆறு மணி நேர வானிலைக்கு ஆறு வாரம் பிடித்தது. விடையோ படுதோல்வி! உண்மையில் காற்றழுத்தம் ஏறக்குறைய மாறாமல் இருந்தது. அவர் கணக்கோ 145 மில்லிபார் உயர்வைக் காட்டியது. முறை தவறன்று. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றின் அளவும் அழுத்தத்தின் அளவும் ஒன்றோடொன்று இசையவில்லை.

ரிச்சர்ட்சன் தோல்வியை மறைக்கவில்லை. 1922-இல் வெளியிட்ட நூலில் முழுக்கணக்கையும் அச்சிட்டார். ஒரு பெரிய மண்டபத்தில் 64,000 பேர் அமர்ந்து ஆளுக்கொரு பகுதியைக் கணக்கிட்டால் உலக வானிலையுடன் ஈடுகொடுத்து ஓடலாம் என்றும் கனவு கண்டார். 1950-இல் எனியாக் என்ற கணிப்பொறி முதன்முதலாக வானிலையைக் கணக்கிட்டது. 24 மணி நேர வானிலைக்கு அதற்கும் ஏறத்தாழ 24 மணி நேரம் ஆயிற்று!

தொல்லை தரும் சுழிகள்

வேகமான கணிப்பொறி கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. ஊதுவத்திப் புகையைக் கவனியுங்கள். சிறிது தூரம் நேராக ஏறும்; பிறகு சுருண்டு சுருண்டு கலைந்துபோகும். மலைக்காற்றும் இப்படித்தான். மலையளவு பெரிய சுழிக்குள் வீட்டளவு சுழி. அதற்குள் பந்தளவு சுழி. கடைசியில் மில்லிமீட்டர் அளவுச் சுழி. இவையெல்லாம் பிடிபட வேண்டுமானால் பெட்டி மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கவேண்டும். எந்தக் கணிப்பொறியும் அதைத் தாங்காது.

ஆகவே அறிஞர்கள் இரண்டு உபாயங்களைக் கையாள்கின்றனர். ஒன்று, 1895-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் காட்டிய வழி: காற்றைச் சராசரி என்றும் ஏற்ற இறக்கம் என்றும் பிரித்து, சராசரியை மட்டும் கணக்கிட்டு, சுழிகளின் மொத்த விளைவை ஒரு சூத்திரத்தால் மதிப்பிடுவது. மற்றொன்று, பெரிய சுழிகளை நேரடியாகக் கணக்கிட்டு, சிறியவற்றை மட்டும் மதிப்பிடுவது. பின்னது நுட்பமானது, ஆனால் நேரத்தை விழுங்குவது. இரண்டிலும் 'மதிப்பீடு' என்ற சொல் இருப்பதைக் கவனித்தீர்களா? மதிப்பீடு இருக்கும் இடத்தில் சோதனையும் இருந்தாகவேண்டும்.

ஒரு குன்றைத் தேர்வுத்தாளாக்கினர்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் தெற்கு யூயிஸ்ட் என்ற தீவு இருக்கிறது. அங்கே ஆஸ்கர்வேன் என்ற குன்று, சுற்றுப்புறத்திலிருந்து 116 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. நீள்வட்டமான வடிவம், மரங்கள் இல்லை, காற்று வரும் தென்மேற்கில் சமநிலம், அதற்கப்பால் கடல். கணக்குப் புத்தகத்தில் வரைந்த குன்று போலவே இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தனர். 1982, 1983-ஆம் ஆண்டுகளில், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், பல நாட்டு அறிஞர்கள் கூடி 50-க்கும் மேற்பட்ட கம்பங்களையும் கோபுரங்களையும் நட்டு அளந்தனர். பெரும்பாலானவை 10 மீட்டர் உயரக் கம்பங்கள். உச்சியில் சுழலும் கிண்ணக் காற்றுமானிகள்.

கிடைத்த விடை: குன்றின் உச்சியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், காற்றின் வேகம் சமவெளியைப் போல் ஏறத்தாழ 1.8 மடங்கு! மும்மடிக் கணக்கில் ஆற்றல் கிட்டத்தட்ட 6 மடங்கு. காற்று மோதும் பக்கத்திலும் உச்சியிலும் கணித மாதிரிகள் நன்றாகவே பொருந்தின. மறைவுப் பக்கத்தில்தான் தடுமாறின.

டென்மார்க்கின் ரிசோ ஆய்வுக்கூடம், ஜாக்சன், ஹன்ட் வழியைத் தழுவிய 'வாஸ்ப்' என்ற கணிப்பொறி நிரலை 1987-இல் வெளியிட்டது. காற்றாலை அமைப்போர் உலகெங்கும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினர். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. 100 மீட்டர் தூரத்துக்கு 30 மீட்டருக்கு மேல் ஏறும் செங்குத்துச் சரிவுகளில் காற்று தரையை விட்டு விலகத் தொடங்குவதால், அந்த எளிய கணக்கை நம்ப முடியாது.

அடுத்த தேர்வு இன்னும் கடினமானது. டென்மார்க்கின் ராஸ்கில்ட் கடற்கழியில் போலுண்ட் என்ற சிறு திட்டு இருக்கிறது. உயரம் 12 மீட்டர்தான். ஒரு தென்னைமரம் அளவு. ஆனால் ஒரு பக்கம் சுவர் போன்ற செங்குத்துப் பாறை. 2007-2008 குளிர்காலத்தில் அங்கே காற்றை அளந்தனர். பின்னர், திட்டின் வடிவத்தையும் வரும் காற்றின் விவரத்தையும் மட்டும் வெளியிட்டு, அளந்த விடைகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, 'உங்கள் கணக்கு என்ன சொல்கிறது?' என்று உலகத்தாரைக் கேட்டனர். 50-க்கும் மேற்பட்ட விடைகள் வந்தன. ஒரே திட்டு, ஒரே காற்று, விடைகளோ பலவிதம்! பாறை விளிம்பை ஒட்டி, தரைக்கு அருகில் பிழை மிகுதியாக இருந்தது. மிகச் சிக்கலான, மிகுந்த நேரம் தின்னும் முறைகள்தாம் முதலிடம் பெறும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். ரெனால்ட்ஸ் காட்டிய சராசரி வழியில் சென்றவை முன்னணியில் நின்றன.

வேகத்தில் 10 விழுக்காட்டுப் பிழை சிறியதுதானே என்று எண்ணாதீர்கள். 1.1-இன் மும்மடி 1.331. ஆற்றலில் பிழை 33 விழுக்காடாகிவிடும்.

பள்ளத்தாக்கின் பகலும் இரவும்

குன்றைவிடப் பள்ளத்தாக்கு கடினமானது. ஏனெனில் அங்கே வெப்பமும் விளையாடுகிறது. பகலில் வெயில் பட்ட சரிவுகள் சூடேற, காற்று சரிவின் வழியே மேலேறுகிறது. இரவில் சரிவுகள் குளிர, கனத்த குளிர்காற்று தண்ணீர் போல இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேலே வெப்பக்காற்று, கீழே குளிர்காற்று என்று அமைந்துவிட்டால், பள்ளத்தாக்கு மூடியிட்ட பானை போலாகிவிடும். 1948 அக்டோபரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டனோரா என்ற பள்ளத்தாக்கு ஊரில் இதுவே நடந்தது. துத்தநாக ஆலை, எஃகு ஆலைகளின் புகை வெளியேற வழியின்றிப் பல நாள் தேங்கியது. 20 பேர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர்.

இத்தகைய நிலையைக் கணிப்பொறி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, 2017-இல் போர்ச்சுகல் நாட்டின் பெர்டிகாவ் என்ற இடத்தில் பெரிய ஆய்வு நடந்தது. அங்கே ஏறத்தாழ ஒன்றரைக் கி.மீ. இடைவெளியில் இரண்டு மலைமுகடுகள் இணையாக ஓடுகின்றன, நடுவே பள்ளத்தாக்கு. கோபுரங்களில் ஒலியலைக் காற்றுமானிகள் பொருத்தப்பட்டன. லேசர் ஒளியைச் செலுத்தி, தூரத்துக் காற்றின் வேகத்தை அளக்கும் 'லைடார்' கருவிகளும் மலையை நோட்டமிட்டன. அந்த அளவுகளோடு இன்று மாதிரிகள் ஒப்பிடப்படுகின்றன.

உயிரைக் காக்கும் கணக்கு

மலைக்காற்றைத் தவறாக எடைபோட்டால் பண நட்டம் மட்டுந்தானா? 1994 ஜூலை 6-ஆம் நாள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஸ்டார்ம் கிங் மலையில் காட்டுத்தீயை அணைக்கச் சென்ற வீரர்களில் 14 பேர் மடிந்தனர். பிற்பகலில் குளிர்காற்று முகம் ஒன்று வந்து சேர்ந்தது. ஆற்றுப் பள்ளத்தாக்கு அந்தக் காற்றைக் குழாய் போலச் செலுத்தியது. வீரர்களுக்குக் கீழே இருந்த தீ, ஓடமுடியாத வேகத்தில் சரிவின் மேலே பாய்ந்தது.

தீ நிற்கும்போது கணக்குக்கு நாட்கணக்கில் காத்திருக்க முடியாது. ஆகவே மொன்டானா மாநிலத்தின் மிசூலா நகரிலுள்ள தீ அறிவியல் ஆய்வுக்கூடத்தார் 'விண்ட்நிஞ்ஜா' என்ற நிரலை உருவாக்கியுள்ளனர். அதன் எளிய வடிவம், மேலே நாம் கண்ட விதிகளில் நிறை அழியாமை விதியை மட்டுமே முதன்மையாகக் கொள்கிறது. மறைவுப் பக்கச் சுழிகளை அது காட்டாது. ஆனால் எந்தக் கணவாயில் காற்று நெருக்கும், எந்த முகட்டில் சீறும் என்பதைக் கையில் எடுத்துச் செல்லும் சிறு கணிப்பொறியிலேயே விரைவாகச் சொல்லிவிடுகிறது. எந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் போதும் என்று தெரிந்துகொள்வதும் அறிவியலே.

நீங்களே கணக்கிடுங்கள்

உங்கள் ஊருக்கு அருகே நீண்ட கரடு இருக்கிறதா? இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தில் அதைத் தேடுங்கள். சமவுயரக் கோடுகளைக் கொண்டு அதன் உயரத்தைக் காணுங்கள், இது உ. உச்சியிலிருந்து எவ்வளவு தூரத்தில் உயரம் பாதியாகிறது என்று அளந்துகொள்ளுங்கள்; இது அ. கரட்டுக்குக் குறுக்காகக் காற்று வீசும்போது, உச்சியில் வேகம் கூடும் பங்கு தோராயமாக 2 × உ ÷ அ.

எடுத்துக்காட்டாக, உ = 80 மீட்டர், அ = 320 மீட்டர் என்றால், 2 × 80 ÷ 320 = 0.5. சமவெளியில் 6 மீட்டர் வேகமுள்ள காற்று, உச்சியில் 9 மீட்டர் வேகம் பெறும். ஆற்றல் 1.5-இன் மும்மடி, அதாவது ஏறத்தாழ 3.4 மடங்கு. சரிவு மென்மையாக இருந்தால் மட்டுமே இச்சூத்திரம் பொருந்தும் என்பதை மறவாதீர்கள்.

பிறகு ஒரு நாள் ஆசிரியருடன் அந்தக் கரட்டின் மேல் ஏறுங்கள். நான்கு கிண்ணங்களைக் குச்சியில் பொருத்திக் காற்றுமானி ஒன்று செய்து, அடிவாரத்துச் சமவெளியில் ஒன்றையும் உச்சியில் மற்றொன்றையும் ஒரே உயரத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இரண்டும் ஒரே அளவினவாக இருக்கவேண்டும். உங்கள் கணக்கும் எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் காரணத்தைத் தேடுங்கள். சரிவில் மரங்கள் உண்டா? காற்று சாய்வாக வந்ததா? அடிவாரத்துக் காற்றுமானி கரட்டுக்கு மிக அருகில் இருந்ததா? ஆஸ்கர்வேனிலும் போலுண்டிலும் அறிஞர்கள் கேட்டுக்கொண்ட கேள்விகளும் இவைதாம்.